வெளியே வந்தவர்கள் பேசிக்கொள்வது

நேயர்களுக்கு வணக்கம்.

ஒருவர் மதக் குழு ஒன்றை விட்டு வெளியே வந்தவர் என்று தெரிந்ததும் மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். ஏன் போய்ச் சேர்ந்தீர்கள்? எப்படித் தப்பித்து வந்தீர்கள்? வானொலி நிலையத்தார் என்னை அழைத்தபோது, இந்த இரண்டையும் விட்டுவிட்டு, வந்த பிறகு அவர்கள் யாரோடு பேசுகிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன் என்றேன். நானும் இளமையின் பெரும்பகுதியை அப்படி ஒரு குழுவில் கழித்துவிட்டு வந்தவள். எந்தக் குழு என்பது இந்தப் பேச்சுக்கு அவசியமில்லை. வெளியே வந்த பிறகு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது பெரிய தத்துவ விசாரணை எதுவும் இல்லை. வெட்டிப் பேச்சு என்று சொல்வோமே, அதுதான்.

உள்ளே இருந்தபோது எங்களுக்கு வெட்டிப் பேச்சு கிடையாது. பேச்சு என்றால் அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும். வெளியாளிடம் பேசினால் அவரை உள்ளே கொண்டுவருவதற்கு. உள்ளாளிடம் பேசினால் அவருடைய நம்பிக்கையை உறுதிப்படுத்துவதற்கு, இல்லையென்றால் அதில் விரிசல் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மழை பெய்கிறது என்று ஆரம்பித்தால்கூட இறைவனின் திட்டத்தில் கொண்டுபோய்த்தான் முடிக்க வேண்டும். நெருங்கிய தோழியிடம் மனம் விட்டுச் சொன்ன ஒரு சந்தேகம், இரண்டு நாளில் பொறுப்பாளர் காதுக்குப் போய்விடும். போய்ச் சொன்னவள் கெட்டவள் இல்லை. என் நன்மைக்காகவே சொல்கிறோம் என்று மனதார நம்பியவள். நானும் அவளுடைய இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் நம்பியிருப்பேன். எல்லோரையும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில் ஹாங்காங்கில் தங்கி, சீனாவில் சிந்தனைச் சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்த மனமாற்றப் பயிற்சிக்கு ஆளானவர்களிடம் விரிவாகப் பேசினார். 25 மேற்கத்தியர், 15 சீனர். அது அரசியல், எங்களுடையது மதம். ஆனாலும் 1961இல் அவர் எழுதி வெளியிட்ட, அந்தப் பயிற்சியின் அடையாளங்களைப் படித்தபோது எங்கள் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து எழுதியதுபோல் இருந்தது. குறிப்பாக இரண்டு. ஒன்று, ஓயாத பாவ அறிக்கை: மனதில் ஒன்றையும் தனக்கென்று வைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, தயாராக வைத்திருக்கும் வாசகங்கள். கேள்வி கேட்கிறீர்களா, அதற்கு ஒரு வாசகம். துக்கப்படுகிறீர்களா, அதற்கும் ஒன்று. அந்த வாசகம் வந்து விழுந்ததும் யோசனை நின்றுவிடும்.

சரி, இப்படிப்பட்ட இடத்திலிருந்து வெளியே வந்ததும் ஒருவர் முதலில் இழப்பது கடவுளை என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் போவது பேச ஆள். யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபையில் நீக்கப்பட்டவருக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லக் கூடாது என்பது பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தது. 2024இல்தான், கூட்டத்துக்கு வருகிற அப்படிப்பட்டவரைச் சுருக்கமாக வரவேற்கலாம் என்று தளர்த்தினார்கள். நவீன வசதிகளைத் தவிர்த்து வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவச் சமூகத்தின் கண்டிப்பான பிரிவுகளில், விலக்கப்பட்டவர் சொந்த வீட்டிலேயே தனி மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். இதைச் செய்கிறவர்கள் அன்பினால் செய்வதாகவே நம்புகிறார்கள். வாங்கிக்கொள்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்பதை, அம்மா தொலைபேசியை எடுத்து உங்கள் குரல் என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவதைக் கேட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை.

1656 ஜூலை 27. ஆம்ஸ்டர்டாமின் போர்ச்சுகீசிய யூதச் சமூகம் 23 வயது இளைஞர் ஒருவரை விலக்கிவைத்தது. பெயர் ஸ்பினோசா. பின்னாளில் ஐரோப்பாவின் பெரிய தத்துவ ஞானிகளில் ஒருவரானவர். விலக்கு ஆணை என்ன சொன்னது? வாயாலோ எழுத்தாலோ அவரோடு யாரும் தொடர்பு வைக்கக் கூடாது. ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது. நான்கு முழத்துக்குள் நெருங்கக் கூடாது. அவர் எழுதிய எதையும் படிக்கக் கூடாது. அதே சமூகம் அதே காலத்தில் ஹுவான் தே பிராதோ என்ற மருத்துவரையும் விலக்கியது. அவர் ஸ்பினோசாவைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர்.

ஸ்பினோசாவின் தத்துவத்தைப் பற்றி நூலகம் நிறைய எழுதியிருக்கிறார்கள். என் மனம் போய் நிற்கும் இடம் வேறு. 1659 ஆகஸ்டில் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், மத விரோதக் கருத்துகளை விசாரித்த கத்தோலிக்கச் சமய விசாரணை மன்றத்தின் முன்னால் தோமாஸ் சொலானோ என்ற துறவி ஒரு வாக்குமூலம் கொடுத்தார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவர் ஆம்ஸ்டர்டாமில் தங்கியிருந்தார். அங்கே ஸ்பினோசாவையும் பிராதோவையும் சந்தித்ததாகச் சொன்னார். ஒரு படைத்தலைவரும் அதே மன்றத்தில் சாட்சி சொன்னார்: கேனரித் தீவுகளிலிருந்து சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்த ஒருவரின் வீட்டுக்கு இவர்கள் போய்வருவார்கள், அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் என்று. விலக்கப்பட்ட இருவர், ஒரு நோயாளியின் அறை, கூட இன்னும் சிலர். துறவி தம் வாக்குமூலத்தில் ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ஆன்மா உடலோடு அழிந்துவிடும் என்றெல்லாம் அந்த இருவரும் தயங்காமல் பேசினார்களாம். ஆனால் தொழுகைக்கூடம் தந்துவந்த உதவி நின்றுபோனதிலும், மற்ற யூதர்களோடு பழக்கம் அற்றுப்போனதிலும் அவர்களுக்கு வருத்தம் இருந்ததாம்.

இந்த வரியைப் படித்த நாளில் அந்த இருவரும் எனக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கொள்கையில் திரும்பிப் பார்க்காதவர்கள், ஆட்களை நினைத்து ஏங்கினார்கள். வெளியே வந்த எவரோடு பேசினாலும் இது இருக்கும். அந்தக் குழுவின் போதனை முழுவதும் பொய் என்று அடித்துச் சொல்வார். அடுத்த மூச்சில், பக்கத்து இருக்கையில் உட்காரும் பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறாரோ என்பார். இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க யாருக்கும் உரிமை இல்லை.

எங்கள் குழுவிலிருந்து எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிட இளையவள். உள்ளே இருந்தபோது எங்களுக்குள் பெரிய பழக்கமில்லை. ஒருநாள் இரவு அழைத்தாள். "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்றாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "இன்னைக்கு முடி வெட்டிக்கிட்டேன், தோள் வரைக்கும்" என்றாள். எங்கள் குழுவில் பெண்கள் முடி வெட்டக் கூடாது. "கழுத்துல காத்து படுதுக்கா. வித்தியாசமா இருக்கு" என்றாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "தெரியலை. கண்ணாடியைப் பார்த்தா யாரோ மாதிரி இருக்கு. ஆனா பிடிச்சிருக்கு." அதன் பிறகு எந்த ஷாம்பூ, காய வைக்க எவ்வளவு நேரம் மிச்சம், மழைக்காலத்தில் எவ்வளவு வசதி என்று முக்கால் மணி நேரம் பேசினோம். வேறு எவரிடம் சொல்லியிருந்தாலும் ஒன்று, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள். இல்லையென்றால் பெரிய விடுதலையாக்கிக் கைதட்டியிருப்பார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது முடியைப் பற்றி முடியைப் பற்றியே பேச ஓர் ஆள்.

முன்னாள் உறுப்பினர்களுக்குள் நட்பு சுலபமாகத் தொடங்கும், ஏனென்றால் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. பாதி வாக்கியம் போதும். "அந்த வருடாந்தக் கூட்டத்தில..." என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர் தலையசைத்துவிடுவார். முதல் ஓராண்டு ஈராண்டு பேச்செல்லாம் குழுவைப் பற்றியே இருக்கும். யார் என்ன சொன்னார்கள், அந்தப் பணம் எங்கே போனது, அன்று நடந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் புரிகிறது என்று. இதைக் கேட்டுக் கேட்டு வீட்டார் சலித்துப்போவார்கள். சலிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அத்தனை வருடமும் வேறொருவர் சொல்லிக்கொடுத்த மாதிரி சொல்லிவந்த சொந்தக் கதையை, முதல் முறையாகத் தன் வாயால் சொல்லிப் பார்க்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பாவ அறிக்கையில் வளர்ந்தவர்களுக்கு நெருக்கம் என்றாலே எல்லாவற்றையும் கொட்டிவிடுவதுதான். இரண்டாவது சந்திப்பிலேயே வாழ்க்கையின் மிக வேதனையான பக்கத்தைப் பிரித்து வைத்துவிடுவார்கள், கேட்பவர் யார் என்றுகூடப் பார்க்காமல். இதைப் பயன்படுத்திக்கொள்கிற ஆட்களும் உண்டு. வெளியே வந்தவர்கள் கூடும் வட்டங்களிலேயே, எல்லாம் தெரிந்த ஒருவர் நடுவில் உட்கார்ந்து, எதை வெறுக்க வேண்டும், எவ்வளவு வெறுக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வட்டத்தில் சிக்கினால் எழுந்து வந்துவிடுங்கள். உங்களுக்குக் கதவு எங்கே இருக்கிறது என்று தெரியும், ஒருமுறை கண்டுபிடித்தவர்கள்தானே. தோழியிடம்கூடச் சொல்லாமல் ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம், அதனால் நட்புக்குத் துரோகம் ஆகிவிடாது என்பதை நான் மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன். அது தெரிந்த பிறகு எனக்கு இரவில் நல்ல தூக்கம் வந்தது.

இந்த நட்புகளுக்குச் சோதனை வேறொரு பக்கத்திலிருந்து வரும். எல்லோரும் ஒரே கதவு வழியாக வந்தாலும் ஒரே திசையில் போவதில்லை. ஒருவர் கடவுளே வேண்டாம் என்பார். ஒருவர் வேறொரு வழிபாட்டு இடத்துக்குப் போய் நிம்மதியாக உட்காருவார். இன்னொருவர் பழைய பிரார்த்தனையையே யாருக்கும் தெரியாமல் சொல்லிக்கொண்டிருப்பார். ஒரே கருத்தாக இருப்பதுதான் அன்பு என்று கற்றுக்கொண்டவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. எங்கள் வட்டத்தில் இதனால் முறிந்த நட்புகள் உண்டு. சில இன்னும் ஒட்டவில்லை. தாக்குப்பிடித்தவை எவை என்று பார்த்தால், குழுவைத் தவிர வேறு ஏதாவது ஒன்றையும் சேர்ந்து செய்துவந்தவர்கள். சேர்ந்து நடக்கப் போனவர்கள், ஒருவர் குழந்தையை மற்றவர் பார்த்துக்கொண்டவர்கள், கிரிக்கெட் பைத்தியங்கள்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் செய்த சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்வார். அறையில் இருக்கும் மற்ற எல்லோரும், முன்பே பேசி வைத்தபடி, தவறான விடையைச் சொல்வார்கள். உண்மையாகச் சோதிக்கப்படும் ஆள், இப்படித் தவறாகச் சொல்லும் சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கில் கூட்டத்தோடு ஒத்துப்போய்விட்டார். ஆனால் அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், அந்த ஒத்துப்போதல் ஏறக்குறைய இருபதில் ஒன்றாக இறங்கிவிட்டது. கூட்டம் தேவைப்படவில்லை, ஓர் ஆள் போதுமாக இருந்தது. வெளியே வந்தவர் இன்னொருவரைச் சந்திக்கும்போது முகத்தில் வருகிற தெளிவுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

மிகக் கொடிய முடிவைக் கண்டவர்களும் இப்படிக் கூடியிருக்கிறார்கள். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்காவின் கயானாவில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதத் தலைவரின் குழு குடியேறியிருந்த ஜோன்ஸ்டவுனிலும் அதைச் சுற்றியும் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் தலைவரின் ஆணைப்படி கொடுக்கப்பட்ட நஞ்சினால். அடையாளம் தெரியாத, உரிமை கோரப்படாத 400க்கும் மேற்பட்ட உடல்கள் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அவற்றில் ஏராளமானவை குழந்தைகளுடையவை. பிழைத்தவர்களும் உறவினர்களும் ஆண்டுதோறும் அந்த நாளில் அங்கே கூடுகிறார்கள். நடந்தது கொலை என்பவர்களும், அந்தக் குழுவில் கண்ட சமத்துவக் கனவை இன்னும் மதிப்பவர்களும் அவர்களில் உண்டு.

கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களில் பெரும்பாலோர் எந்தக் குழுவிலும் இருந்திருக்க மாட்டீர்கள். ஆனால் உங்கள் அலுவலகத்திலோ தெருவிலோ உறவிலோ அப்படி ஒருவர் இருக்கலாம். இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தீர்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். சின்ன விஷயங்களில் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள்: எங்கே உட்காரலாம், எந்தப் படம் பார்க்கலாம், இந்த நிறம் நன்றாக இருக்கிறதா. பதில் வர நேரமாகும். பொறுத்திருங்கள், அவருக்காக நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். முன்பு முழுக்க முழுக்க வேறொருவர் செய்ததும் அதுதான்.

வெளியே வந்து, உள்ளே இன்னும் நண்பர்கள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொலைபேசி எண்ணை மாற்றாதீர்கள். எப்போதாவது ஒரு செய்தி அனுப்புங்கள். வாதம் வேண்டாம், அம்பலப்படுத்தும் கட்டுரைகள் வேண்டாம். அக்கா மகள் பாஸாகிவிட்டாள், எனக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, இந்த மாதிரி. பதில் வராது, வராது என்று தெரிந்தே அனுப்புங்கள். எங்கள் வட்டத்துக்குச் சிலர் அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள், பல வருடம் கழித்து. வந்த முதல் வாரத்தில் அவர்கள் கேட்டதெல்லாம் நடைமுறைக் கேள்விகள். வாடகைக்கு வீடு எப்படித் தேடுவது, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு எப்படித் தொடங்குவது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நடுவில் போன அத்தனை வருடங்களை என்னவென்று எழுதுவது. கடைசிக் கேள்விக்கு எங்களிடம் நாலைந்து பதில்கள் தயாராக இருக்கின்றன, எல்லாம் நாங்களே எழுதி வேலை கிடைத்தவை. வேண்டியவர்களுக்குச் சொல்லித் தருகிறோம்.

நன்றி, வணக்கம்.