ஐந்தாவது ஆட்டக்காரர் யார்? மாஸ்கோனி கோப்பைக்கான அமெரிக்க பூல் அணித் தேர்வு

[காட்சி: பச்சை விளக்கொளியில் ஒரு பூல் மேசை. ஒன்பது பந்துகள் வைர வடிவில் அடுக்கப்படுகின்றன.]

வணக்கம். 2013-ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில், சொந்த நாட்டு ரசிகர்களின் கண்முன்னே, மாஸ்கோனி கோப்பைப் போட்டியில் அமெரிக்க பூல் அணி ஐரோப்பிய அணியிடம் 2-க்கு 11 என்ற கணக்கில் தோற்றது. பூல் என்பது மேசையில் கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, மற்றப் பந்துகளைக் குழிகளில் வீழ்த்தும் ஆட்டம். ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட், ஜானி ஆர்ச்சர், ராட்னி மாரிஸ், டென்னிஸ் ஹாட்ச், ஷேன் வான் போனிங் என்ற அந்த ஐவரில் ஒருவரைக்கூட ஆடத் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆயினும், வான் போனிங்கைத் தவிர்த்தால் மற்றவர்களின் உச்சகாலம் பெரும்பாலும் கடந்துவிட்டிருந்தது. ஸ்ட்ரிக்லண்டுக்கு அப்போது வயது 52. தனித்தனியே பெரிய பெயர்களைச் சேர்த்தால் அணி ஆகிவிடுமா என்ற கேள்வி அந்தத் தோல்விக்குப் பிறகு கூர்மையாக எழுந்தது.

[காட்சி: வில்லி மாஸ்கோனியின் கறுப்பு வெள்ளைப் படம்.]

முதலில் போட்டியைப் பற்றிச் சில சொற்கள். 1993-இல் மறைந்த அமெரிக்க பூல் மேதை வில்லி மாஸ்கோனியின் பெயரால், மேட்ச்ரூம் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 1994 முதல் இதை ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. கோல்ஃபின் ரைடர் கோப்பையைப் போல இதிலும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுகின்றன. ஆடுவது நைன்-பால்: மேசையில் எஞ்சியிருப்பவற்றுள் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தை முதலில் தொட்டாக வேண்டும், விதிப்படி ஒன்பதாம் பந்தைக் குழியில் வீழ்த்துபவருக்கு அந்த ரேக், அதாவது அந்தச் சுற்று, சொந்தம். அணிக்கு ஐந்து பேர். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஐந்து ரேக்குகளை முதலில் வெல்லும் தரப்புக்கு ஒரு புள்ளி. முதலில் 11 புள்ளிகளை எட்டும் அணிக்குக் கோப்பை. ஒற்றையர், இரட்டையர் ஆட்டங்களோடு, ஐவரும் சேர்ந்து ஆடும் ஆட்டமும் உண்டு. ஒவ்வோர் அடிக்கும் கடிகாரம் 30 விநாடிகளே தருகிறது.

இந்த ஐவரைத் தேர்ந்தெடுக்க ஒரே விதி என்றைக்கும் இருந்ததில்லை. சில ஆண்டுகளில் தரவரிசைப் புள்ளிகள் சிலரை நேரடியாக அணிக்குள் கொண்டுவந்தன, எஞ்சியவர்களை அணித் தலைவர் தம் விருப்பப்படி அழைத்துக்கொண்டார். வேறு சில ஆண்டுகளில் முழுப் பொறுப்பும் தலைவரிடமே விடப்பட்டது. புள்ளிப் பட்டியலில் முகத்தாட்சண்யத்துக்கு இடமில்லை என்பது அதன் நன்மை. ஆனால், பட்டியலில் உயரப் பல நகரங்களுக்குப் பயணம் செய்து, நுழைவுக் கட்டணமும் விடுதி வாடகையும் பெரும்பாலும் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியிருப்பதால், அது திறமையோடு சேர்த்து ஒருவருடைய பணப்பையையும் ஓரளவு அளந்துவிடுகிறது.

[காட்சி: திரையில் இரண்டு எண்கள், அவற்றுக்கிடையே ஓர் அம்புக்குறி.]

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. அமெரிக்காவில் ஆட்டக்காரர்களின் தரத்தை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஃபார்கோ மதிப்பீட்டில், 100 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் எதிராளியைப் போல இரு மடங்கு ரேக்குகளை வெல்வார் என்பது அடிப்படை. அப்படியானால், 20 புள்ளிகள் கூடுதலாக உள்ளவர் ஐந்து ரேக்குகளை முதலில் எட்ட வேண்டிய ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 58 அல்லது 59 மட்டுமே. 100 புள்ளிகள் இடைவெளி இருந்தால் அது 85-ஐத் தாண்டும். அணியின் முதல் இரண்டு மூன்று பேரைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. சண்டையெல்லாம் நான்காவது, ஐந்தாவது இடங்களுக்குத்தான், அங்கே போட்டியிடுபவர்களிடையே உள்ள இடைவெளியோ சிறியது. இவ்வளவு குறுகிய ஆட்டத்தில் அந்தச் சிறு இடைவெளியைவிட, கூச்சலிடும் அரங்கில் கை நடுங்காமல் நிற்பதும், கூட்டாளியின் தவறை முகம் சுளிக்காமல் ஏற்பதும் அதிகப் புள்ளிகளைத் தரக்கூடும் என்று நான் கருதுகிறேன்.

[காட்சி: பயிற்சிக் கூடம். வரிசையாக மேசைகள்.]

2014-இல் தலைமை ஏற்ற மார்க் வில்சன் ஏறக்குறைய இதே எண்ணத்தோடுதான் தொடங்கினார். மிசௌரி மாநிலத்தின் லிண்டன்வுட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு பூல் பயிற்சி அளித்து வந்த அவர், எட்டுப் பேரை முன்கூட்டியே அறிவித்து, பயிற்சியிலும் நடத்தையிலும் அவர்களைக் கவனித்த பின்பே ஐவராகக் குறைத்தார். வான் போனிங் தவிர, முந்தைய ஆண்டின் அணியிலிருந்து ஒருவரும் அதில் இல்லை, துணிச்சலான முடிவுதான். ஆனால், அவருடைய மூன்று ஆண்டுகளிலும் கோப்பை கிடைக்கவில்லை: 5-11, 7-11, 3-11.

அடுத்து வந்தது விசித்திரமான திருப்பம். ஐரோப்பாவுக்குப் பலமுறை கோப்பை வென்று தந்த நெதர்லாந்துக்காரர் யோஹான் ராய்சிங்கை அமெரிக்கா தன் தலைவராக்கியது. 2017-இல் அவரும் 4-11 என்று தோற்றார். 2018-இல் லண்டனில் 11-9, 2019-இல் லாஸ் வேகாஸில் 11-8 என்று அமெரிக்கா வென்றது. இரண்டு முறையும் சிறந்த ஆட்டக்காரர் ஸ்கைலர் உட்வர்ட். அந்த அணிகளிலிருந்த பில்லி தார்ப், டைலர் ஸ்டையர் ஆகியோர் உலகத் தரவரிசையின் உச்சியில் இருந்தவர்கள் அல்லர். கூட்டாக ஆடினார்கள், அரங்கின் சத்தத்தைத் தமக்குச் சாதகமாக்கினார்கள். வில்சன் தேடிய குணங்கள் இவைதாம். அவருக்கு வாய்க்காத காலம் ராய்சிங்குக்கு வாய்த்தது என்றும் சொல்லலாம்.

ஆனாலும் குணம் மட்டும் நெடுந்தூரம் கொண்டு செல்லாது. 2020 முதல் ஐரோப்பா மீண்டும் தொடர்ந்து வென்றது. அதற்குத் தேர்வு முறையைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஜெர்மனி, ஸ்பெயின், போலந்து, ஆஸ்திரியா, அல்பேனியா என்று ஒரு கண்டமே ஐந்து இடங்களுக்கு முட்டி மோதும்போது, ஐரோப்பா வீட்டில் விட்டுவரும் ஆட்டக்காரர்களே இன்னோர் அணிக்குப் போதும்.

[காட்சி: 2024, ஒர்லாண்டோ. இரு அணிகளும் அரங்கில் நுழைகின்றன.]

ரஷ்யாவில் பிறந்த ஃபெடோர் கோர்ஸ்ட் 2020-இல் ஐரோப்பாவுக்காக ஆடியவர். பின்னர் அமெரிக்கத் தரப்புக்கு மாறி, 2024-இல் ஜெத்தாவில் உலக நைன்-பால் பட்டத்தையும் வென்றார். அந்த ஆண்டின் மாஸ்கோனி கோப்பையில், நடப்பு உலகச் சாம்பியனான அவரும் 2022-இன் உலகச் சாம்பியனான வான் போனிங்கும் ஒரே அணியில் நின்றார்கள். எந்தத் தேர்வாளருக்கும் இதைவிட எளிதான முதல் இரண்டு பெயர்கள் கிடைத்திருக்க முடியாது. அமெரிக்கா 6-11 என்று தோற்றது.