ஒரு பெயரைப் பட்டியலில் ஏற்றப் பத்து ஆண்டுகள்

நண்பர்களே, வணக்கம். பயங்கரவாதமும் இந்தியாவின் வெளியுறவுக் கொள்கையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரே ஒரு ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு பேசப் போகிறேன். மசூத் அசார்.

1999 டிசம்பர் 24. காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐ.சி. 814 விமானத்தைக் கடத்தினார்கள். அமிர்தசரஸ், லாகூர், துபாய் என்று அலைந்து கடைசியில் ஆப்கானிஸ்தானின் காந்தகாரில் போய் நின்றது. அங்கே நடந்தது தாலிபான் ஆட்சி. அதை நாம் அங்கீகரிக்கவில்லை. காபூல் தூதரகத்தையும் 1996இலேயே மூடிவிட்டோம். இத்தனை பயணிகள் உயிருக்குத் தவிக்கும்போது, அந்த ஊரில் நம் சார்பில் பேச ஒரு தூதர்கூட இல்லை. டிசம்பர் 31 அன்று, பயணிகளுக்கு ஈடாக நம் சிறையிலிருந்த மூன்று பேரை விடுவிக்க வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங்கே காந்தகார் போனார். மூவரில் ஒருவர்தான் அசார். வெளியே வந்த சில வாரங்களில் பாகிஸ்தானில் ஜெய்ஷ்-இ-முகமது என்ற பயங்கரவாத அமைப்பைத் தொடங்கினார்.

ஐ.நா. பாதுகாப்பு சபையின் கீழ் 1267 குழு என்று ஒன்று உண்டு. அதன் பட்டியலில் ஒருவர் பெயர் ஏறினால் சொத்து முடக்கம், பயணத் தடை, ஆயுதத் தடை எல்லாம் வரும். 2001இலேயே ஜெய்ஷ் அமைப்பு அதில் ஏறிவிட்டது. அதன் தலைவர் ஏறவில்லை! காரணம், குழுவில் 15 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். மூடிய அறைக்குள் ஒரே ஒரு நாடு 'டெக்னிகல் ஹோல்ட்', அதாவது இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள் என்று சொன்னால் கோப்பு நின்றுவிடும். ஏன் என்று ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. 2009இல் நாம் கேட்டோம், நின்றது. பதான்கோட் விமானப்படைத் தளத் தாக்குதலுக்குப் பிறகு 2016இல் கேட்டோம், நின்றது. 2017இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் நமக்காகக் கேட்டுப் பார்த்தன. ஒவ்வொரு முறையும் மறித்தது சீனா.

2019 பிப்ரவரி 14, காஷ்மீரின் புல்வாமாவில் ஜெய்ஷ் தாக்கியது. 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் இறந்தார்கள், அவர்களில் இருவர் நம் அரியலூர், தூத்துக்குடி மாவட்டக்காரர்கள். மார்ச்சில் சீனா நான்காவது முறையாகவும் தடுத்தது. அப்புறம்தான் அமெரிக்கா வேறு வழியில் போனது. விஷயத்தைக் குழுவிலிருந்து எடுத்து, பாதுகாப்பு சபைக்கே தீர்மான வரைவாகக் கொண்டுபோனது. அங்கே எதிர்க்க வேண்டுமானால் உலகம் பார்க்கக் கையைத் தூக்க வேண்டும். மே 1 அன்று அசார் பெயர் பட்டியலில் ஏறியது. சீனாவுக்கு நம் மேல் திடீரென்று இரக்கம் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பட்டியலில் சொன்ன காரணங்களில் புல்வாமா என்ற சொல்லே இல்லை. சீனாவின் சம்மதத்துக்கு அது நாம் கொடுத்த விலை.

சரி, பட்டியலில் ஏறியதால் என்ன ஆனது? என்னைக் கேட்டால், அதைவிடப் பாகிஸ்தானுக்கு உறைத்தது பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்தைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பின் சாம்பல் பட்டியல்தான். குறைபாடுள்ள நாடுகளைக் கூடுதல் கண்காணிப்பில் வைக்கும் பட்டியல் அது. 2018 ஜூன் முதல் 2022 அக்டோபர் வரை அதில் மாட்டிக்கொண்டு, பயங்கரவாதத்துக்குப் போகும் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கடன் வாங்கிக் காலம் தள்ளும் நாட்டுக்கு அது சாதாரண நெருக்கடி இல்லை.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேரைக் கொன்றார்கள். பாதுகாப்பு சபை கண்டன அறிக்கை வெளியிட்டது, ஆனால் தாக்குதலுக்கு முதலில் பொறுப்பேற்ற டி.ஆர்.எஃப். அமைப்பின் பெயர் அதில் இல்லை. அதைச் சேர்க்க விடாமல் எதிர்த்தோம் என்று பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் தங்கள் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அப்போது அவர்களும் சபையில் நிரந்தரமற்ற உறுப்பினர். நாம் ஏழு அனைத்துக் கட்சிக் குழுக்களை நாடு நாடாக அனுப்பினோம். ஒன்றுக்குக் கனிமொழி தலைமை. உள்ளூரில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள் வெளியூரில் ஒரே குரலில் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில், 2021இல் மீண்டும் ஆப்கானிஸ்தான் ஆட்சியைப் பிடித்த தாலிபானின் வெளியுறவு அமைச்சர் முத்தக்கி டெல்லி வந்தார். அவர் மேலும் ஐ.நா. பயணத் தடை உண்டு. விலக்கு கிடைத்த பிறகே வர முடிந்தது. அவர் இங்கே இருக்கும்போதே காபூலில் மீண்டும் முழுத் தூதரகம் என்று இந்தியா அறிவித்தது. பெண் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விரட்டியவர்களோடு கைகுலுக்கலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்னொரு விமானம் காந்தகாரில் இறங்கினால் யாரைத் தொலைபேசியில் கூப்பிடுவது என்று கேட்டால், தூதரகத்தைத் திற என்றுதான் நானும் சொல்வேன்.