ஒரு வாழ்த்துக்கு ஒரு வழக்கா? அமெரிக்காவின் டிசம்பர் சண்டை

[திரையில்: ஒரு பெரிய கடையின் பில் கவுண்ட்டர். கூரையிலிருந்து சிவப்பு, பச்சைத் தோரணம். வரிசை நீள்கிறது.]

என் சித்தப்பா மகள் நியூ ஜெர்சியில் படித்துக்கொண்டிருந்தபோது, டிசம்பரில் ஒரு பெரிய கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள். முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: பையைக் கொடுக்கும்போது "ஹேப்பி ஹாலிடேஸ்" சொல்ல வேண்டும். இவளும் சொன்னாள். வரிசையில் வந்த ஒரு பாட்டி பையை வாங்கிக்கொண்டு, நகராமல் நின்று, இவள் முகத்தைப் பார்த்து அழுத்தந்திருத்தமாக "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்றார். வாழ்த்து மாதிரி இல்லை, டீச்சர் சிவப்பு மையில் திருத்துகிற மாதிரி இருந்தது. பயந்துபோய் அடுத்த ஆளுக்கு இவள் "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று சொல்லிவிட்டாள். அவர் தலையில் யூதர்கள் வைக்கும் குட்டித் தொப்பி. அவர் சிரித்துக்கொண்டே "உனக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மதுரையிலிருந்து போன பெண். இரண்டு பேருடைய பண்டிகையும் அவள் வீட்டுப் பண்டிகை இல்லை. "ஏண்ணா, ரெண்டு வார்த்தைக்கா இவ்வளவு?" என்று போனில் கேட்டாள். அன்றைக்கு எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிறிஸ்துமஸைப் பெயர் சொல்லி வாழ்த்துவதா, எல்லாப் பண்டிகைக்கும் பொதுவாக வாழ்த்துவதா என்பதுதான் அங்கே சண்டை. இந்த வீடியோதான் அந்தப் பதில், கொஞ்சம் தாமதமாக.

[திரையில்: பழைய வாழ்த்து அட்டை. மேசையைச் சுற்றி ஒரு குடும்பம், கைகளில் ஒயின் கோப்பை.]

முதலில் அந்தச் சொற்களின் வயதைப் பார்ப்போம். "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று எழுத்தில் கிடைப்பதில் மிகப் பழையதாகச் சொல்லப்படுவது 1534ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. லண்டன் கோபுரத்தில் சிறை வைக்கப்பட்டிருந்த பிஷப் ஜான் ஃபிஷர், அரசரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதியது. ஆனால் வீட்டுக்கு வீடு அந்தச் சொல்லைக் கொண்டுபோனது 1843. அந்த வருடம்தான் லண்டனில் ஹென்றி கோல் என்பவர் விற்பனைக்கான முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். அட்டையில் "மெர்ரி கிறிஸ்துமஸ், ஹேப்பி நியூ இயர்" இருக்கிறது. குழந்தை இயேசு இல்லை, தொழுவம் இல்லை, நட்சத்திரம் இல்லை. ஒரு குடும்பம் விருந்து சாப்பிடுகிறது. குழந்தைக்குக்கூட ஒயின் கொடுக்கிறார்களே என்று மதுவிலக்குக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் அட்டை பிறந்த அன்றே சண்டையும் கூடவே பிறந்துவிட்டது.

சரி, "ஹாலிடே" எங்கிருந்து வந்தது? "ஹோலி டே", அதாவது புனித நாள். மதம் வேண்டாம் என்பவர்கள் சொல்லும் சொல் என்று திட்டப்படுகிறதே, அந்தச் சொல்லின் வயிற்றுக்குள்ளேயே சாமி உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள் வரும். அப்புறம் யூதர்களின் ஹனுக்கா, கிறிஸ்துமஸ், பல ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 1966 முதல் கொண்டாடும் குவான்சா, கடைசியில் புத்தாண்டு. இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லப் பன்மையில் ஒரு சொல் தேவைப்பட்டது. நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் ஆயுதபூஜையிலிருந்து பொங்கல் வரைக்கும் ஒரே பேனரில் "பண்டிகைக் காலத் தள்ளுபடி" என்று போடுகிறாரே, அந்த மாதிரிதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1942இல் வந்த 'ஹாலிடே இன்' என்ற ஹாலிவுட் படத்தில்தான் "ஒயிட் கிறிஸ்துமஸ்" பாட்டு வந்தது. "ஹேப்பி ஹாலிடே" பாட்டும் அதே படத்தில்தான். இரண்டையும் எழுதி இசையமைத்தவர் ஒரே ஆள், இர்விங் பெர்லின். ரஷ்யப் பேரரசிலிருந்து சிறுவனாக வந்து குடியேறிய யூதர். இன்றைக்கு எதிரெதிர் கட்சிகளின் கொடி மாதிரி ஆகிவிட்ட இரண்டு வாழ்த்துகளும் அன்றைக்கு ஒரே மனிதரின் பியானோவிலிருந்து வந்தவை.

[திரையில்: 17ஆம் நூற்றாண்டு பாஸ்டன் துறைமுகத்தின் ஓவியம்.]

கிறிஸ்துமஸுக்கு எதிராகப் போர் நடக்கிறது என்று அமெரிக்க டிவியில் அடிக்கடி கேட்கலாம். உண்மையிலேயே ஒரு முறை நடந்தது. 1659இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். போட்டது நாத்திகர்கள் இல்லை. பக்தியில் ஊறிய பியூரிட்டன் கிறிஸ்தவர்கள். டிசம்பர் 25 என்று பைபிளில் எங்கே இருக்கிறது, குடியும் கூத்துமாக ஒரு நாளா என்பது அவர்கள் வாதம். அந்தச் சட்டம் 1681இல்தான் நீங்கியது. மத்திய அரசு கிறிஸ்துமஸை விடுமுறை நாளாக்கியது 1870இல்.

இனி இந்தச் சண்டையின் நடுப்புள்ளிக்கு வருவோம். எந்த வாழ்த்து சரி என்று கேட்டால் இது எந்த ஜென்மத்திலும் தீராது. யார் வாயிலிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தெளிந்துவிடும் என்பது என் அபிப்பிராயம். தனி ஆள் சொன்னால் ஒரு கணக்கு, கடை சொன்னால் வேறு கணக்கு, அரசு சொன்னால் முற்றிலும் வேறு. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் இவ்வளவு புகை.

தனி ஆளுக்கு அங்கே எந்தத் தடையும் கிடையாது. தெருவில் நின்று நாள் முழுக்க "மெர்ரி கிறிஸ்துமஸ்" என்று கத்தலாம். ஆனாலும் டெக்சாஸ் மாநிலம் 2013இல் ஒரு சட்டமே போட்டது, பள்ளியில் ஆசிரியரும் பிள்ளைகளும் "மெர்ரி கிறிஸ்துமஸ்", "ஹேப்பி ஹனுக்கா" என்றெல்லாம் சொல்லிக்கொள்ளலாம் என்று. ஆளுநர் ரிக் பெர்ரி கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் சாண்டா வேடமிட்டவர்கள் நின்றார்கள். மாதம் ஜூன்.

அரசு சொல்லும்போதுதான் வழக்கு வருகிறது. அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம்.

[திரையில்: சிறு பூங்கா. சாண்டா வீடு, கலைமான்கள், நடுவில் ஒரு தொழுவம்.]

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பாடக்கெட் என்று ஒரு சின்ன நகரம். கடைவீதிக்கு நடுவில் இருக்கும் ஒரு பூங்காவில் வருடாவருடம் கிறிஸ்துமஸ் அலங்காரம் வைப்பார்கள். சாண்டாவின் வீடு, அவர் வண்டியை இழுக்கும் கலைமான்கள், ஒரு கோமாளி, ஒரு யானை, ஒரு கரடிப் பொம்மை, "சீசன்ஸ் கிரீட்டிங்ஸ்" என்று ஒரு பெரிய பேனர். அதற்கு நடுவில் குழந்தை இயேசு, மரியாள், யோசேப்பு, இடையர்கள், ஆடு மாடுகள் கொண்ட குடில். பொம்மைகளின் உயரம் 5 அங்குலத்திலிருந்து 5 அடி வரை. 1973இல் நகராட்சி 1,365 டாலர் கொடுத்து வாங்கியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன நேரத்தில் அதன் மதிப்பு 200 டாலர். வருடம் ஒரு முறை வைத்து எடுக்க 20 டாலர் செலவு. இந்த 20 டாலர் குடிலுக்காக நாட்டின் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் குடில் இருக்கலாம் என்றார்கள். சுற்றிலும் சாண்டாவும் யானையும் நிற்பதால் மொத்தக் காட்சியில் இது பண்டிகை அலங்காரத்தின் ஒரு பகுதி, அவ்வளவுதான் என்று தீர்ப்பு.

அடுத்த வழக்கு பிட்ஸ்பர்க், 1989. நீதிமன்றக் கட்டடத்தின் பிரதான படிக்கட்டில் ஒரு குடில் மட்டும் தனியாக. சாண்டா இல்லை, கலைமான் இல்லை. மேலே தேவதை கையில் "உன்னதத்தில் கடவுளுக்கு மகிமை" என்று லத்தீனில் எழுதியிருந்தது. அது கூடாது என்றது உச்ச நீதிமன்றம். சற்றுத் தள்ளி இன்னொரு அரசுக் கட்டடத்தின் வாசலில் 45 அடி கிறிஸ்துமஸ் மரம், பக்கத்தில் 18 அடி யூத மெனோரா விளக்கு, கீழே சுதந்திரத்துக்கு வணக்கம் சொல்லும் ஒரு பலகை. அது இருக்கலாம் என்றது அதே தீர்ப்பு. வக்கீல்கள் இதற்கு "பிளாஸ்டிக் கலைமான் விதி" என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். சாமியோடு போதுமான அளவு பொம்மைகளைக் கலந்துவிட்டால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளும். எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. நம்பிக்கை இல்லாதவனுக்காக ஆரம்பித்த வழக்கில், நம்பிக்கை உள்ளவனின் குழந்தை இயேசு கரடிப் பொம்மைக்குச் சமமாகிவிட்டார். பக்தர்களுக்குக் கோபம் வந்தால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பாடக்கெட் வழக்கில் நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் தனியாக எழுதிய கருத்தில் ஒரு விஷயம் உண்டு. அரசு ஒரு மதத்தைத் தூக்கிப்பிடித்தால், அதைச் சேராதவர்களிடம் நீங்கள் வெளியாட்கள், இந்த நாட்டின் முழு உறுப்பினர்கள் இல்லை என்று சொன்னதாகிவிடும் என்றார். என் சித்தப்பா மகள் மாதிரி ஆட்களுக்கு இந்தக் கருத்துதான் முக்கியம். இந்த அளவுகோலையே 2022இல் உச்ச நீதிமன்றம் ஓரம்கட்டிவிட்டது. இனி வரலாற்றையும் மரபையும் பார்த்துத் தீர்ப்பு சொல்வோம் என்றது.

[திரையில்: விமான நிலையம், இரவு. ஊழியர்கள் மரங்களைக் கழற்றுகிறார்கள்.]

2006 டிசம்பரில் சியாட்டில் விமான நிலையத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கே கிறிஸ்துமஸ் மரங்கள் இருந்தன. ஒரு ரபி, அதாவது யூத மதகுரு, பக்கத்தில் ஒரு மெனோராவும் வையுங்கள் என்று கேட்டார். இழுத்தடித்ததால் வழக்குப் போடுவோம் என்றது அவர் தரப்பு. நிர்வாகம் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக எல்லா மரங்களையும் கழற்றிவிட்டது. ஊர் கொதித்தது. யூதர்கள் கிறிஸ்துமஸைப் பறித்துவிட்டார்கள் என்று பழி. அந்த ரபியோ, மரங்களை எடுக்கச் சொல்லவே இல்லை, விளக்கு ஒன்றைக் கூட்டத்தான் கேட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். சில நாட்களில் மரங்கள் திரும்பி வந்தன. யாரும் கேட்காத நடுநிலையை அதிகாரிகள் தாமாகவே கொண்டுவருவதும், அதன் வசவு சிறுபான்மையினர் தலையில் விழுவதும் இந்த ஒரு விமான நிலையத்தோடு முடிந்த கதை இல்லை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் இன்னும் மோசம். 1997, 1998 குளிர்காலங்களில் அந்த நகராட்சி நடத்திய எல்லா விழாக்களுக்கும் சேர்த்து "வின்டர்வால்" என்று ஒரு விளம்பரப் பெயர் வைத்தது. அதற்குள் கிறிஸ்துமஸும் கிறிஸ்துமஸ் என்ற பெயரிலேயே இருந்தது. ஆனாலும் "கிறிஸ்துமஸ் பெயரையே மாற்றிவிட்டார்கள்" என்று பத்திரிகைகள் வருடக்கணக்கில் எழுதின. 2011இல்தான் 'டெய்லி மெயில்', வின்டர்வால் கிறிஸ்துமஸுக்கு மாற்றாக வரவில்லை என்று திருத்தம் போட்டது.

இப்போது கடைகள். கடைக்காரருக்கு இறையியல் கிடையாது, கல்லாப்பெட்டிதான். எல்லோர் பணமும் வேண்டும், அதனால் "ஹேப்பி ஹாலிடேஸ்". 2005இல் ஃபாக்ஸ் நியூஸ் தொகுப்பாளர் பில் ஓ'ரைலி இதைத் தினசரி விஷயமாக்கினார். அதே சேனலின் ஜான் கிப்சன் இதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். வால்மார்ட், டார்கெட் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிக் கிறிஸ்தவ அமைப்புகள் கிளம்பின. அடுத்த வருடமே வால்மார்ட் "மெர்ரி கிறிஸ்துமஸ்" பக்கம் திரும்பியது. யார் பக்கம் வசூல் அதிகமோ அந்தப் பக்கம்.

அந்த 2005இல் ஜார்ஜ் புஷ்ஷும் மாட்டிக்கொண்டார். வெள்ளை மாளிகையிலிருந்து போன 14 லட்சம் அட்டைகளில் விடுமுறைக் கால வாழ்த்து இருந்தது, பைபிள் சங்கீத வசனமும் இருந்தது, கிறிஸ்துமஸ் என்ற சொல் மட்டும் இல்லை. திட்டியவர்கள் அவருடைய சொந்த ஆதரவாளர்கள்.

ஆனால் இந்தப் புகார் 2005இல் பிறக்கவில்லை. 1921இல் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை, கிறிஸ்துமஸ் அட்டையில் கிறிஸ்துவையே காணோம் என்று எழுதிப் பழியை யூதர்கள் மேல் போட்டது. 1959இல் ஜான் பர்ச் சொசைட்டி என்ற தீவிர வலதுசாரி அமைப்பு, கிறிஸ்துமஸை ஒழிக்க ஐ.நா. சபை சதி செய்கிறது என்று துண்டுப் பிரசுரம் போட்டது. சதிகாரர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறார். டிரம்ப் வந்து, இனி எல்லோரும் திரும்ப "மெர்ரி கிறிஸ்துமஸ்" சொல்வோம் என்றார். ஒபாமா அதை வருடாவருடம் மேடையில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், வீடியோ இருக்கிறது.

சாதாரண ஜனங்களைக் கேட்டால்? பியூ ஆய்வு மையம் 2017இல் கேட்டது. கடையில் எப்படி வாழ்த்தினாலும் பரவாயில்லை என்றவர்கள் 52 சதவீதம். "மெர்ரி கிறிஸ்துமஸ்"தான் வேண்டும் என்றவர்கள் 32 சதவீதம்.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. விநாயகர் சதுர்த்தி அன்று கலைஞர் தொலைக்காட்சி "விடுமுறை தின சிறப்பு நிகழ்ச்சிகள்" என்று போடும், உடனே மீம் வரும். "ஹேப்பி ஹாலிடேஸ்" என்பதற்கு இதைவிடக் கச்சிதமான தமிழ் கிடையாது.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். "ஹேப்பி ஹாலிடேஸ்" சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் மரத்தை "ஹாலிடே மரம்" என்பது அசட்டுத்தனம். உச்சியில் நட்சத்திரம், கீழே பரிசுப் பொட்டலம். ஹனுக்காவுக்கு எந்த யூதர் வீட்டிலும் சடங்காக மரம் வைப்பதில்லை. பெயரை மாற்றினால் மரம் பொதுவாகிவிடாது.

[திரையில்: ரோட் ஐலண்ட் சட்டமன்றக் கட்டடம். உள்ளே விளக்குகள் மின்னும் மரம்.]

அதே ரோட் ஐலண்டில் 2011இல் ஆளுநர் லிங்கன் சேஃபி பிடிவாதமாக "ஹாலிடே மரம்" என்றார். மத சுதந்திரத்துக்காகவே ரோஜர் வில்லியம்ஸ் தொடங்கிய மண் இது என்பது அவர் வாதம். விளக்கேற்றும் விழாவில் கூட்டத்தில் சிலர் எதிர்ப்பாக "ஓ கிறிஸ்துமஸ் ட்ரீ" பாட ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் கழித்து ஆளுநரே இறங்கிவந்து "கிறிஸ்துமஸ் மரம்" என்று மாற்றிக்கொண்டார். அவர்கள் பாடியது ஜெர்மனியிலிருந்து வந்த பாட்டு. ஜெர்மன் மொழியில் அதன் முதல் வரி "ஓ ஃபர் மரமே" என்று அந்த ஊசியிலை மரத்தின் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. கிறிஸ்துமஸ் மரமே என்று மாற்றியது ஆங்கிலம்.