டேட்டனில் பைனாகுலருக்கு வேலையே இல்லை

வணக்கம் மக்களே! தொண்டை கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி அமெரிக்காவின் ஒஹாயோவில் இருக்கிற டேட்டனுக்குப் போய், கூடைப்பந்து ஆட்டத்தில் கத்திவிட்டு வந்த குரல் இது. ஃபர்ஸ்ட் ஃபோர் பார்த்தாச்சு!

முதலில் பார்க்கிங். 'மறுபடியும் பார்க்கிங்கா' என்று கமென்ட் போடப் போகிறீர்கள், போடுங்கள். ஒரு தனியார் இடத்தில் 40 டாலர் கேட்டார்கள். நாற்பது! கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டியைத் திருப்பினேன். கால் மணி நேர நடைதூரத்தில் ஒரு தெரு, போர்டை மூன்று முறை படித்தேன், காசு கிடையாது. மார்ச் மாதக் குளிரில் மூக்கு ஒழுக ஒழுக நடந்தேன். ஆனால் அந்த 40 டாலர் என் பாக்கெட்டில்தான் இருந்தது. உள்ளே போய் அதில் பாதியை பாப்கார்னுக்கும் கோக்குக்கும் கொடுத்தேன், அது வேறு கதை.

ஐயோ, ஃபர்ஸ்ட் ஃபோர் என்றால் என்னவென்றே சொல்லவில்லை. அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் ஆண்கள் கூடைப்பந்துப் போட்டியில் 68 அணிகள். அதை 64 ஆக்க முதலில் நாலு ஆட்டம், செவ்வாய் இரண்டு, புதன் இரண்டு. 2011லிருந்து டேட்டன் யூடி அரீனாவில்தான் நடக்கிறது. இடையில் 2020இல் போட்டியே இல்லை, 2021இல் மொத்தப் போட்டியையும் இண்டியானாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அரீனாவில் 13,000 பேருக்கு மேல் உட்காரலாம். இந்தப் போட்டியின் ஆட்டங்கள் வேறெந்த அரங்கத்தையும்விட இங்கேதான் அதிகம் நடந்திருக்கின்றன. ஊர்க்காரர்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத அணிக்கு எழுந்து நின்று கத்துகிறார்கள். என் பக்கத்துச் சீட்டுப் பாட்டி இரண்டு அணிக்கும் கைதட்டினார்.

ஃபுட்பால் ஸ்டேடியத்தில் கூடைப்பந்து பார்த்த என் பழைய வீடியோ ஞாபகம் இருக்கிறதா? பைனாகுலர் வாங்கிக்கொண்டு போய், கடைசியில் தலைக்கு மேலே தொங்கிய திரையையே பார்த்துவிட்டு வந்தேனே? எனக்கு அது ஆகவே ஆகாது. 2014இல் ஆர்லிங்டன் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் இந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு 79,238 பேர் வந்தார்கள். அதில் எத்தனை பேர் பந்தைப் பார்த்தார்களோ! ஃபைனல் ஃபோர், அதாவது கடைசி நாலு அணிகளின் ஆட்டங்களை, நடத்த 60,000 இருக்கையாவது வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பெரிய பணம் டிக்கெட்டில் இல்லை, டிவியில். சிபிஎஸ், டர்னர் என்ற டிவி நிறுவனங்களின் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டினார்களே, அந்த எட்டு வருட நீட்டிப்பு மட்டும் 880 கோடி டாலர். வருடத்துக்கு 110 கோடி! அதிலிருந்துதான், அணிகள் ஆடுகிற ஆட்டங்களைப் பொறுத்து, 'யூனிட்' என்று பங்கு பிரிக்கிறார்கள். ஒரு யூனிட்டுக்கு ஆறு வருடத்தில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர், அணிக்கு இல்லை, அதன் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது அது சேர்ந்திருக்கிற காலேஜ் குழுவுக்கு. அதனால் நேற்று ஜெயித்த சின்னக் காலேஜ் பையன்கள் குதித்த குதி, அவர்கள் கான்ஃபரன்ஸில் இருக்கிற எல்லாக் காலேஜுக்கும் சேர்த்துத்தான். 2023இல் ஃபேர்லி டிக்கின்சன் இதே டேட்டனில் ஜெயித்துவிட்டுப் போய், தரவரிசையில் முதலிடம் கொடுத்திருந்த பர்டியூ அணியை 63-58 என்று வீழ்த்தியதே!

என்னைக் கடுப்பேற்றுவது பெண்கள் விஷயம். 2024இல் நட்சத்திர வீராங்கனை கெய்ட்லின் கிளார்க்கின் அயோவாவும் சவுத் கரோலைனாவும் ஆடிய இறுதி ஆட்டம் கிளீவ்லண்டில், சாதாரண அரீனாவில். டிவியில் பார்த்தவர்கள் 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல். அதே வருடம் ஆண்கள் ஆட்டம் கிளென்டேலில், எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம், டிவியில் ஒன்றரைக் கோடி கூட இல்லை. ஆனால் இஎஸ்பிஎன் டிவி ஒப்பந்தத்தில் பெண்கள் போட்டிக்குப் போட்ட மதிப்பு வருடத்துக்குச் சுமார் 6.5 கோடி டாலர். பெண்களுக்கு யூனிட் பணமே 2025இல்தான் ஆரம்பித்தது. கணக்கு பார்த்தவர் யாரப்பா?

அப்புறம், பைனாகுலர் 30 டாலர் என்று அந்த வீடியோவில் சொன்னேன் இல்லையா, தப்பு. ரசீது கிடைத்தது, வரியோடு 34. நேற்று அதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மச்சான் குருவி பார்க்கக் கேட்டிருக்கிறான். 20க்குத் தரட்டுமா, 25 சொல்லட்டுமா?