காலுறையைக் கழற்றிப் பாருங்கள்

தலைவர் அவர்களே, வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, அன்று எனக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, இரவுப் பணி முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, சகோதரர்களே, வணக்கம்.

தடுப்புப் பராமரிப்பின் மூன்று நிலைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பெட்டி நியூமன் என்ற அமெரிக்கச் செவிலியர் 1972இல் வெளியிட்ட செவிலியக் கோட்பாட்டின்படி, நோய் போன்ற பாதிப்புகளைத் தடுக்கும் பாதுகாப்புக் கோடுகள் மனிதரைச் சுற்றி இருக்கின்றன. அவை உடையுமுன் பலப்படுத்துவது முதல் நிலை, உடைந்ததும் அறிகுறியைப் பிடித்துச் சிகிச்சை தருவது இரண்டாம் நிலை, மீண்டவரைத் திரும்ப விழாமல் காப்பது மூன்றாம் நிலை. ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன்னால் நான் எங்கே போனாலும் சொல்கிற பழமொழி: நகத்தால் கிள்ளுவதைக் கோடாலியால் வெட்டுவானேன்?

நான் பயிற்சியில் இருந்தபோது சர்க்கரை நோயாளி ஒருவர் மாத்திரை வாங்க வந்தார், அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை பார்த்தேன், ரத்த அழுத்தம், எடை எல்லாம் பார்த்து எழுதினேன். காலைப் பார்க்கவில்லை. பத்து நாளில் காய்ச்சலோடு வந்தார். காலுறை புண்ணோடு ஒட்டியிருந்தது, சலைன் ஊற்றி ஊற்றித்தான் எடுத்தேன். பெருவிரலுக்கு அடியில் வட்டமாக ஒரு குழி. ஷூவைக் கவிழ்த்தால் ஒரு சட்டைப் பொத்தான் விழுகிறது! அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "பேத்தி தேடிக்கிட்டிருந்தாளே சிஸ்டர்" என்றார். நரம்பு மரத்துப்போனதால் அத்தனை நாளும் அதன்மேலேயே நடந்திருக்கிறார், வலியே தெரியவில்லை. அந்த விரலை எடுக்க வேண்டியதாயிற்று. சொல்லுங்கள், நகத்தால் கிள்ளுவதைக் கோடாலியால் வெட்டுவானேன்?

முதல் நிலை இதுதான்: காலுறையைக் கழற்றுங்கள். விரல் இடுக்கைப் பாருங்கள், ஷூவுக்குள் கைவிட்டுப் பாருங்கள். அப்புறம் இரண்டாம் நிலை, அறிகுறியைப் பிடிப்பது. அதற்குத்தான் 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற அந்த நைலான் இழை: நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இழை வளைகிற வரைக்கும் பாதத்தில் அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் அன்றிலிருந்து நம் பொறுப்பு.

மூன்றாம் நிலைக்கு நேரமில்லை. அது சுற்றிவந்து முதல் நிலையிலேயே சேரும் என்று நியூமனே சொல்கிறார், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தலைவர் அவர்களிடம் ஒரு மனு கொண்டுவந்திருக்கிறேன். வெளிநோயாளிப் பிரிவில் ரத்த அழுத்தக் கருவிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியும் ஓர் இழையும் வேண்டும், காலைப் பார்ப்பதற்கென்றே ஒரு செவிலியரும் வேண்டும். வாசலில் உள்ள மேசையில் அதன் நகல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.