பென் டிரைவுக்குக் கண் கிடையாது

அவைத்தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்டுவிட்டு இப்போது கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் சபாச் செயலாளர் அவர்களே, சனிக்கிழமைதோறும் ஒத்திகைக்காகப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். உடம்புக்கு முடியாத நிலையிலும் படியேறி வந்திருக்கும் கோயில் அறங்காவலர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். முன்வரிசையில் இடம் போதாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும்தான்.

வரும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் மாலை 6 மணிக்கு இந்த அரங்கில் நிகழ்ச்சிகள். வெள்ளியன்று கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள். சனியன்று அலாரிப்பு முதல் தில்லானா வரை ஒரு முழு மார்க்கம், அதாவது பரதநாட்டிய உருப்படிகள் வரிசையாக. ஞாயிறன்று நம் பிள்ளைகள் ஆடும் குறவஞ்சி நாட்டிய நாடகம். நிகழ்ச்சிகள், பக்கவாத்தியம் என்று இரண்டு விஷயம் பேசுவதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.

இருநூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அரங்குதான். ஆனால் இருப்பது மயிலாடுதுறையில். கோபாலகிருஷ்ண பாரதியார் வாழ்ந்த ஊர் இது. உ.வே. சாமிநாதையர் இங்கே தமிழ் படிக்க வந்தபோது அவரிடம் கொஞ்ச நாள் பாட்டும் கற்றார். திருவாரூர் சாலையில் போனால் வழுவூர். இன்னொரு பக்கம் பஸ் ஏறினால் பந்தநல்லூர். பரதநாட்டியத்தின் இரண்டு பெரிய பாணிகளுக்கு இந்த ஊர்களின் பெயர்தான். வழுவூர் இராமையா பிள்ளை, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இருவருமே நட்டுவனார்கள். கையில் தாளம் பிடித்து, ஜதி என்கிற தாளச் சொற்கட்டைச் சொல்லி ஆட்டத்தை நடத்தியவர்கள். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். ஆட்டம் சித்திரம் என்றால் பக்கவாத்தியம்தான் அதற்குச் சுவர்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில், ஒரு சின்ன மேடை. பதினொரு வயசுப் பெண் ஆடுகிறாள். பாட்டு பென் டிரைவில். நல்ல அரைமண்டி, நல்ல முகபாவம், அம்மா பக்கத்திரைக்குப் பின்னால் கைகூப்பி நிற்கிறார். வர்ணம் என்கிற நீண்ட உருப்படியின் பாதியில் இடதுகால் சலங்கை அவிழ்ந்துவிட்டது. குழந்தை குனிந்தாள், கட்டினாள். அதற்குள் ஜதி போயிற்று, ஜதியை முடிக்கும் தீர்மானம் போயிற்று, சரணமும் வந்துவிட்டது. எங்கே சேருவதென்று தெரியாமல் நடுமேடையில் நின்றாள். பாட்டு மட்டும் அருமையாகப் போய்க்கொண்டே இருந்தது. பென் டிரைவுக்குக் கண் கிடையாதே! அன்றைக்கு அவள் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்புறம் இரண்டு வருஷம் கழித்து இதே மேடையில் அதே பெண். இந்த முறை நட்டுவாங்கம், வாய்ப்பாட்டு, மிருதங்கம், புல்லாங்குழல் எல்லாம் பக்கத்தில். நம்புவீர்களோ மாட்டீர்களோ, மறுபடியும் சலங்கை! நட்டுவனார் பார்த்துவிட்டார். பாடகிக்குக் கண்ணைக் காட்டினார். அந்த அம்மா சரண வரியைத் திரும்ப எடுத்து, சங்கதி சங்கதியாக, அதே வரியை விதவிதமாகப் பாடி விரித்தார். மிருதங்கக்காரர் கையை அடக்கிக்கொண்டார். பிள்ளை மண்டியிட்டு, பாட்டுக்குத் தலையசைத்தபடியே கட்டிக்கொண்டு எழுந்தாள். அதுவும் ஆட்டத்தில் உள்ளதுதான் என்று நினைத்து நாம் எல்லாரும் கை தட்டினோம். இங்கே இருக்கிற பலர் அன்றைக்கும் இருந்தீர்கள்.

பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மையார் ஆடும்போது அவருடைய தாயார் ஜெயம்மாள் பாடுவார். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடும் பாட்டு அது. அதை எந்தப் பெட்டியில் பதிவு செய்துவைக்க முடியும்? சுவர் இருந்தால்தானே சித்திரம்!

வாத்தியக்காரர்களுக்குப் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்று பெற்றோர்கள் சொல்வது பொய் இல்லை. உடை, ஒப்பனை, அரங்கச் செலவு எல்லாம் போக, கடைசியில் கை வைப்பது பக்கவாத்தியத்தில்தான். அதனால் நம் ஊரில் மிருதங்கம் கற்ற பையன்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே பாரத்தைப் பெற்றோர் தலையில் மட்டும் கட்டாமல் சபாவே பக்கவாத்திய நிதி ஒன்று தொடங்க வேண்டும் என்று கேட்கிறேன். நகர்மன்றத் தலைவர் அவர்களும் இதைக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கும் சனிக்கும் வாத்தியக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் குறவஞ்சிக்குத்தான் இன்னும் பென் டிரைவ். முப்பத்திரண்டு குழந்தைகள் ஆடுகிறார்கள். வாசலில் ஒரு பித்தளைச் சொம்பு வைத்திருக்கிறோம், போகும்போது பாருங்கள். மிருதங்கம் வாசிப்பவர்கள், பாடுபவர்கள் யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், புதன்கிழமை மாலை பள்ளிக்கூடத்து ஒத்திகைக்கு வாருங்கள். பிள்ளைகள் ஐந்து மணிக்கே வந்துவிடுவார்கள்.