50 ரூபாய் உரிமமும் எங்கள் லிஃப்ட் நோட்டீஸும்

வணக்கம் மக்களே! இதைப் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். தெரிகிறதா? என் நாய் மிளகுவின் உரிமம். சென்னை மாநகராட்சி உரிமம், இந்த வருஷத்துக்குப் புதுப்பித்தாகிவிட்டது. கட்டணம் 50 ரூபாய். ஐம்பதே ஐம்பது! போன வீடியோவில் அவளுக்கு வாங்கிய மெல்லும் எலும்பைக் காட்டினேனே, அது 180 ரூபாய். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை, சோஃபாவுக்கு அடியில் துகளாகக் கிடந்தது. ஒரு வருஷத்துக்குச் செல்லுபடியாகும் ஒரு சீட்டு அந்த எலும்பின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எனக்கு இதில் இருக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. லேமினேட் செய்ய அதைவிட அதிகம் ஆகியிருக்கும், அதனால் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவள் கயிறு மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டிருக்கிறேன்.

சரி, இன்றைக்கு இதை ஏன் பேசுகிறேன் என்றால், கோபத்தில்தான் பேசுகிறேன். எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். "மாநகராட்சி விதிப்படி நாய், பூனைகளை லிஃப்டில் ஏற்றக் கூடாது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய்." கீழே சங்கத்தின் முத்திரை. நாங்கள் ஐந்தாவது மாடி என்று உங்களுக்குத் தெரியும். மிளகுவுக்கு இடது பின்னங்கால் சரியில்லை, அவளைத் தத்தெடுத்த வீடியோவிலேயே சொன்னேன். படியேறச் சொல்கிறார்கள்.

அப்படி ஒரு விதியே கிடையாது மக்களே. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே தெளிவாக வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது. பெரும்பான்மை ஓட்டு வாங்கித் தீர்மானம் போட்டாலும் முடியாது. லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது, அதற்கென்று தனிக் கட்டணமும் வாங்க முடியாது. "சின்ன நாய் என்றால் பரவாயில்லை, பெரிய நாய் கூடாது" என்று அளவு பார்த்துப் பிரிக்கவும் கூடாது. குரைக்கிறது என்பதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் காரணம் ஆகாது. அதே வழிகாட்டுதல் வளர்ப்பவர்களுக்கும் சொல்கிறது: தடுப்பூசி போடுங்கள், பொது இடத்தில் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள், அசுத்தம் செய்தால் சுத்தம் செய்யுங்கள். இந்த இரண்டாவது பாதியைச் செய்யாதவர்களுக்கு முதல் பாதியைப் பற்றிப் பேச வாய் கிடையாது என்பது என் கட்சி.

அதனால்தான் இந்தச் சீட்டு எனக்கு இவ்வளவு முக்கியம். கமெண்டில் ஒருவர் "இது இன்னொரு வரி, அவ்வளவுதான்" என்று எழுதியிருந்தார். இல்லவே இல்லை. உங்கள் நாயைப் பார்த்து ஒருவர் விரலை நீட்டும்போது, "இவளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறது, இவள் என் பொறுப்பு" என்று உங்களுக்காகப் பேச இருக்கும் ஒரே சாட்சி இதுதான். 50 ரூபாய்க்கு இப்படி ஒரு சாட்சி வேறு எங்கே கிடைக்கும்?

உரிமம் எடுக்காவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அபராதம் 5,000 ரூபாய். 2025 நவம்பர் 23 என்று முதலில் கெடு வைத்தார்கள், பிறகு டிசம்பருக்கு நீட்டித்தார்கள். அந்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை முகாம்களில் நின்ற கூட்டத்தை நானே வீடியோ எடுத்துப் போட்டேன். 50-க்கும் 5,000-க்கும் நடுவில் எத்தனை பூஜ்யம் என்று எண்ணிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள்.

என்னென்ன வேண்டும்? மாநகராட்சி இணையதளத்தில் செல்லப்பிராணி உரிமம் என்ற பக்கம். உங்கள் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, உங்கள் போட்டோ, நாயின் போட்டோ, வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ். விண்ணப்பம் போனதும் கால்நடை அலுவலர் பார்த்து ஒப்புதல் தருகிறார். ஒப்புதல் வந்த பிறகு சீட்டை நாமே இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது போட்டோ. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகப் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் கறுப்பு நாய் வளர்ப்பவர்களின் கஷ்டம் யாருக்கும் புரிவதில்லை. மிளகு முழுக் கறுப்பு. மூக்கும் கறுப்பு. வீட்டுக்குள் எடுத்தால் சோஃபாவில் யாரோ கறுப்புத் துணியைப் போட்டதாகத்தான் விழுகிறது. ஃபிளாஷ் போட்டால் இரண்டு பச்சைக் கண்கள் மட்டும். மொட்டை மாடியில் மதிய வெயிலில் எடுத்தால் முதுகு மட்டும் பளபளவென்று மின்னுகிறது, முகம் காணோம். கடைசியில் காலை ஏழு மணிக்கு பால்கனிப் பக்கம், வெயில் நேரடியாக விழாத இடத்தில், பின்னால் வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டு, என் தங்கை கேமராவுக்கு மேலே வேகவைத்த ஈரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுந்தது பாருங்கள் ஒரு படம்! காதிரண்டும் நிமிர்ந்து, மார்பில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டு உட்பட. கறுப்பு நாய்க்காரர்களே, வெள்ளைப் போர்வை, காலை வெளிச்சம், ஈரல். பிஸ்கட் போதாது. ஈரல்தான்.

தடுப்பூசிச் சான்றிதழில் ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊசி மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்து உங்கள் புத்தகத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அதில் மருந்தின் பெயர், தொகுதி எண், காலாவதி தேதி எல்லாம் இருக்கும். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும். நாங்கள் போகும் கிளினிக்கில் இந்த முறை ஸ்டிக்கர் ஒட்டாமல் வெறுமனே தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நான் நகரவில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து குப்பியை எடுத்து ஒட்டிக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தேன். குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய் ஊசி, அதன் பிறகு டாக்டர் சொல்லும் கணக்குப்படி தவறாமல். இந்தத் தேதி தவறினால் உரிமப் புதுப்பிப்பும் தடுமாறும்.

அப்புறம், முக்கியமான ஒன்று, மேலேயே சொல்லியிருக்க வேண்டும்: மைக்ரோசிப். அரிசி மணி அளவுதான். தோள்பட்டை இரண்டுக்கும் நடுவில், தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. மிளகு திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அதற்குள் பேட்டரி கிடையாது. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும். அந்த எண்ணோடு உங்கள் பெயரும் போன் நம்பரும் பதிவில் இருக்கும். "அப்படியென்றால் நாய் தொலைந்தால் போனில் மேப்பில் பார்க்கலாமா?" என்று இதுவரை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்! முடியாது. அது ஜிபிஎஸ் இல்லை. உங்கள் நாயை யாராவது கண்டெடுத்து, ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அந்த எண் வேலை செய்யும். அதனால் கழுத்துப்பட்டையில் போன் நம்பர் பொறித்த தகடும் வேண்டும். இரண்டும் வேண்டும். நம்பரை மாற்றினீர்கள் என்றால் பதிவிலும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சிப் யாரோ ஒருவருடைய செல்லாத நம்பரைத்தான் சுமந்துகொண்டு திரியும்.

மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்களில் தடுப்பூசியும் சிப்பும் இலவசமாகவே போட்டார்கள். திரு.வி.க. நகர், புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, நுங்கம்பாக்கம், கண்ணம்மாபேட்டை, மீனம்பாக்கம். உங்களுக்கு எது பக்கமோ அங்கே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். காலையில் சீக்கிரம் போவது நல்லது. மற்ற நாய்களைப் பார்த்தால் பதறும் நாய் என்றால், ஒருவர் வரிசையில் நிற்கட்டும், நாய் தள்ளி நிழலில் இருக்கட்டும்.

கயிற்றுக்கு வருகிறேன். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் அந்தச் சுருள் கயிறு எனக்குக் கண்ணிலேயே ஆகாது. ஐந்து மீட்டர் தள்ளி நாய் ஒருபக்கம், போன் பார்த்துக்கொண்டு ஆள் ஒருபக்கம், நடுவில் சைக்கிளில் ஒரு குழந்தை. அதைக் கயிறு என்று சொல்வதே தப்பு. ஆறு அடிப் பருத்திக் கயிறு, நல்ல கொக்கி, மார்போடு மாட்டும் பட்டை. போதும். குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? தன் வசம் இருக்கும் விலங்கால் மனிதருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த நாய்களைக் கட்டாமல் விட்டது மனிதர்கள். 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனி புது உரிமம் இல்லை என்று மாநகராட்சி முடிவெடுத்ததற்கும் இப்படிப்பட்ட சம்பவங்கள்தான் காரணம். இனத்தைத் தடை செய்வதைவிட ஆளைப் பிடிப்பதுதான் வேலைக்கு ஆகும் என்று நினைக்கிறேன், ஆனால் பெற்றவர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

தெருநாய்க்கு உரிமம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துத் தெருநாய்க் கூட்டத்துக்கு நான் சோறு வைப்பதைப் பார்த்துவிட்டு. தத்தெடுத்து வீட்டில் வைத்தால் எடுக்க வேண்டும், தெருவில் இருக்கும் வரை அது வேறு கணக்கு. விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள், 2023 அவற்றைச் சமூக விலங்குகள் என்கிறது. கருத்தடை, தடுப்பூசி இரண்டும் உள்ளாட்சியின் பொறுப்பு. சோறு வைக்கும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் தள்ளி இருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் தெருவில் கண்ட இடத்தில் வைக்காதீர்கள், அதற்கென்று குறித்த இடத்தில் வையுங்கள் என்றது. நான் வைக்கும் இடத்தை அதற்குப் பிறகு சுவரோரம் மாற்றிவிட்டேன். சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுத்துவிடுகிறேன். எனக்கும் நிம்மதி, துப்புரவு அக்காவுக்கும் நிம்மதி.

பூனைக்காரர்கள் சண்டைக்கு வருவதற்கு முன்னால்: எங்கள் பூனை லட்டுவை மறக்கவில்லை! பூனைக்கும் உரிமம் உண்டு, பூனைக்கும் வெறிநோய் ஊசி உண்டு. "வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கு எதற்கு ஊசி" என்று சொல்பவர்கள் ஜன்னல் வலையை ஒருமுறை போய்ப் பாருங்கள். தெரியாத பூனை கடித்தாலும், ரத்தம் வரக் கீறினாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் வைக்க வேண்டாம், சுண்ணாம்பு வைக்க வேண்டாம். அறிகுறி வந்துவிட்டால் வெறிநோயிலிருந்து மீட்பது அநேகமாக முடியாத காரியம்.

நோட்டீஸ் என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. செயலாளர் சார் வீட்டுக்கு நானும் இரண்டாவது மாடி அக்காவும் போனோம். உரிமத்தின் நகல், ஊசிப் புத்தகம், 2015 வழிகாட்டுதலின் அச்சுப் பிரதி. சார் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். "இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். அவருடைய பயமும் நியாயமானதுதான்: போன மாதம் யாரோ ஒருவருடைய நாய் லிஃப்டில் சிறுநீர் போய், செயலாளர் சாருடைய அம்மா வழுக்கி விழப் பார்த்திருக்கிறார். நாங்களே புது நோட்டீஸ் எழுதிக் கொடுத்தோம்: லிஃப்டில் கயிற்றைக் குட்டையாகப் பிடிக்கவும், உள்ளே ஆள் இருந்தால் கேட்டுவிட்டு ஏறவும், அசுத்தமானால் உடனே துடைக்கவும், உரிம நகலைச் சங்கத்தில் கொடுக்கவும். கடைசி வரி நான் சேர்த்தது. துடைப்பதற்குத் துணியும் ஃபினாயிலும் தரைத்தளத்தில் வாட்ச்மேன் அண்ணன் அறையில் வைத்தாகிவிட்டது.

இப்போது சங்கத்தில் உரிம நகல் கொடுத்திருப்பது ஒரே ஒரு வீடு, எங்கள் வீடு. அக்காவின் பக் நாய்க்கு ஊசி எல்லாம் சரியாக இருக்கிறது, உரிமம்தான் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பம் போடுகிறோம். போர்வையை நான் எடுத்துக்கொண்டு போகிறேன், ஈரல் அக்கா வாங்கி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.